தன் பங்கை விட்டுக்கொடுக்கும் தசை

வீட்டில் அரிசி குறைந்துபோன நாள்களை நம்முள் மூத்தவர்கள் பலர் கண்டிருப்பார்கள். நாள் முழுதும் வயலில் உழைத்துத் திரும்பிய தந்தை, தமக்கு இட்ட சோற்றில் பாதியை எடுத்துப் படிக்கும் பிள்ளையின் தட்டில் வைத்துவிட்டு, "எனக்குக் கஞ்சியே போதும்" என்று எழுந்துவிடுவார். அவருக்குப் பசி இல்லாமல் இல்லை. சோறு இல்லாவிட்டாலும் கஞ்சியைக் கொண்டு தம்மால் காலந்தள்ள முடியும் என்பதும், பிள்ளையால் அது முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இதைப் போன்றதொரு பகிர்வு, நாம் அறியாமலேயே நம் உடலுக்குள்ளும் நடைபெறுகிறது. நீண்ட பட்டினியின்போது உழைப்பாளியாகிய தசை தன் பங்கைக் குறைத்துக்கொண்டு மூளைக்கு வழிவிடுகிறது. அந்தப் பங்கின் பெயர் கீட்டோன். நீரிழிவு நோயாளர் உள்ள வீடுகளில் இச்சொல் அச்சத்தோடு உச்சரிக்கப்படுகிறது. உடல் இளைக்க விரும்புவோர் நடுவில் ஆர்வத்தோடு பேசப்படுகிறது. அச்சம், ஆர்வம் இரண்டுக்கும் காரணம் உண்டு. அவற்றைச் சரியாகப் புரிந்துகொள்வதற்கு முதலில் உடலின் களஞ்சியத்தைப் பார்ப்போம்.

களஞ்சியத்தில் இருப்பது என்ன?

நாம் உண்ணும் சோறும் இட்லியும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே செலவாகாத சர்க்கரையில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், உடலின் தசைகள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 400 கிராமும் இவ்வாறு சேமிப்பில் இருக்கும். இவற்றுள் கல்லீரலின் சேமிப்பே பொதுச்சொத்து. தசையிலுள்ளதைச் சர்க்கரையாக இரத்தத்தில் விடுவதற்கு வேண்டிய நொதி தசையிடம் இல்லை. ஆகவே அந்தச் சேமிப்பைத் தசை தன் வேலைக்கு மட்டுமே பயன்படுத்த முடியும்.

மூளையோ உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆயினும் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். ஒருநாள் முழுதும் உண்ணாதிருந்தால் கல்லீரலின் இருப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

அப்படியானால் இரண்டாம் நாள் மூளைக்கு யார் உணவளிப்பது? 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் 12 கிலோ கொழுப்பு இருப்பதாகக் கொள்வோம். அதில் ஒரு லட்சம் கலோரிக்கு மேற்பட்ட ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஆனால் கொழுப்பமிலங்களை மூளை தன் எரிபொருளாகக் கொள்வதில்லை. அவற்றைச் சர்க்கரையாக மாற்றவும் நம் உடலால் இயலாது. கொழுப்பிலுள்ள கிளிசரின் என்னும் சிறு பகுதி மட்டுமே சர்க்கரையாகும். எஞ்சிய தேவைக்குப் புரதத்தைத்தான் கரைக்க வேண்டும். புரதம் மிகுந்திருக்கும் இடமோ தசை.

பட்டினியின் முதல் நாள்களில் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கிராம் புரதத்தை இழக்கிறது. ஈரத்தசையாகக் கணக்கிட்டால் இது 300 கிராமுக்கும் மேலாகும். இதே வேகத்தில் கரைந்துகொண்டே போனால், கைகால் தசைகளோடு மூச்சை இயக்கும் தசைகளும் சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும். கொழுப்பு இருப்பில் இருக்கும்போதே உயிர் பிரிந்துவிடும்.

நடந்ததோ வேறு. சென்னை மாநிலத்தவர் நினைவில் நிற்கும் இரு நிகழ்ச்சிகளைக் கூறலாம். ஆந்திர மாநிலம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 50 நாள்களுக்கு மேல் உயிர் தாங்கி, 1952 டிசம்பர் 15 அன்று மறைந்தார். தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி விருதுநகரில் உண்ணாநோன்பு மேற்கொண்ட தியாகி சங்கரலிங்கனார், 70 நாள்களைக் கடந்து, 1956 அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். அவர்கள் இருவரும் உடல் பருத்தவர்கள் அல்லர். இத்தனை நாள் அவர்களைத் தாங்கிய ஏற்பாடு எது?

ஈரல் சமைக்கும் உணவு

அந்த ஏற்பாட்டின் அடுப்பு கல்லீரலில் இருக்கிறது. உணவு இல்லாதபோது இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. உடனே கொழுப்புத் திசுக்கள் கொழுப்பமிலங்களை வெளிவிடுகின்றன. அவை கல்லீரலை அடைந்ததும் சிறுசிறு துண்டுகளாக உடைக்கப்படுகின்றன. அத்துண்டுகளை மீண்டும் இணைத்து ஈரல் அசிட்டோ அசிட்டிக் அமிலத்தைச் செய்கிறது. அதன் பெரும்பகுதி பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரிக் அமிலமாக மாறுகிறது. ஒரு சிறு பகுதி அசிட்டோனாகி மூச்சோடு வெளியேறுகிறது. இம்மூன்றையும் சேர்த்தே கீட்டோன்கள் என்கிறோம். முதலிரண்டும் நீரில் கரைவன, மூளைக்குள்ளும் புகக்கூடியன.

இதில் வியப்பு ஒன்று உண்டு. இவற்றைச் செய்கிற ஈரலால் இவற்றை எரித்துப் பயன்பெற முடியாது. அதற்கு வேண்டிய நொதி ஈரலில் இல்லை. ஆகவே அது சமைத்ததெல்லாம் பிற உறுப்புகளுக்கே போய்ச் சேருகிறது.

தசைக்குள் நடப்பது

முதலில் கைநீட்டிப் பெறுவது தசைதான். நம் உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தசை ஆகையால் அதன் பசியும் பெரிது.

தசை உயிரணுவினுள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. அவற்றை உயிரணுவின் அடுப்புகள் எனலாம். கீட்டோன்கள் அங்கே நுழைந்ததும், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரிக் அமிலம் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு மறுபடியும் அசிட்டோ அசிட்டிக் அமிலமாகிறது. பிறகு அதனோடு கோ என்சைம் என்னும் துணைப்பொருள் ஒன்று பிணைக்கப்படுகிறது. ஈரலில் இல்லை என்று நாம் சொன்ன நொதி செய்யும் வேலை இதுவே. அடுத்து அது இரண்டு சம துண்டுகளாகப் பிளக்கப்படுகிறது. இத்துண்டுகள், 1937ஆம் ஆண்டில் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிக் காட்டிய வட்டப்பாதையில் சேர்ந்து எரிந்து ஆற்றலைத் தருகின்றன. சோற்றிலிருந்து வந்த சர்க்கரையும் முடிவில் இதே துண்டாகி இதே பாதையில்தான் எரிகிறது. அடுப்பு ஒன்றே, விறகு மட்டும் வேறு.

நீண்ட நேரம் சோர்வின்றி உழைக்கும் சிவந்த தசைநார்களில் இவ்வேலை மிகுதி. ஓய்வே அறியாத இதயத்தசைக்கும் கீட்டோன் உகந்த எரிபொருள். 1961ஆம் ஆண்டில் வில்லியம்சனும் கிரெப்சும் எலியின் இதயத்தைத் தனியே எடுத்து இயக்கிப் பார்த்தபோது, சர்க்கரையும் அசிட்டோ அசிட்டிக் அமிலமும் அருகருகே இருந்தும், அது பின்னதையே முன்னுரிமையோடு எரித்ததைக் கண்டார்கள்.

பட்டினியின் முதல் சில நாள்களில் கீட்டோன்களின் பெரும் வாடிக்கையாளராகத் தசை விளங்குவது இதனாலேயே. மேலும் நாள்கள் செல்லும்போதுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன விட்டுக்கொடுத்தல் நிகழ்கிறது.

முன்கை சொன்ன செய்தி

மூளைக்குச் சர்க்கரையைத் தவிர வேறு எரிபொருள் ஆகாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் காஹில் என்னும் மருத்துவ அறிஞரும், ஆலிவர் ஓவன் முதலிய அவருடைய துணைவர்களும் இதை ஆராய முற்பட்டார்கள். உடல் பருமனைக் குறைப்பதற்காக, மருத்துவமனையின் கண்காணிப்பில் ஐந்து ஆறு வாரங்கள் உண்ணாதிருந்த நோயாளர் சிலர் இச்சோதனைக்கு இசைந்தனர். மூளைக்குச் செல்லும் இரத்தத்தையும், மூளையிலிருந்து கழுத்துச் சிரை வழியாகத் திரும்பும் இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இடையில் குறைந்திருப்பது எதுவோ அதை மூளை உண்டிருக்கிறது என்பது கணக்கு. மூளையின் எரிபொருளில் பாதிக்கு மேல் கீட்டோன்களாக இருந்தது! 1967ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு மருத்துவ உலகின் எண்ணத்தை மாற்றியது.

அப்படியானால் தசை என்ன செய்கிறது? 1971ஆம் ஆண்டில் ஓவனும் ரைக்கார்டும் இதே கணக்கை முன்கையில் செய்து பார்த்தனர். முன்கையின் ஆழ்ந்த சிரையில் ஓடுவது பெரும்பாலும் தசையிலிருந்து திரும்பும் இரத்தம். மூன்று நாள் பட்டினியில் தசை கீட்டோன்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டது. 24 நாள் ஆனபோதோ, இரத்தத்தில் கீட்டோன்கள் முன்னைவிட மிகுந்திருந்தும், தசை அவற்றை நம்பி வாழ்வதை விட்டுக் கொழுப்பமிலங்களையே பெரிதும் எரித்தது. உள்ளே எடுத்துக்கொண்ட அசிட்டோ அசிட்டிக் அமிலத்திலும் ஒரு பகுதியைப் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரிக் அமிலமாக மாற்றி இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்தது.

கண்முன் நிறைய இருந்தும் தசை எடுக்கவில்லை. எடுக்காததனால்தான் இரத்தத்தில் கீட்டோன் அளவு உயர்ந்து நிலைத்தது. உயர்ந்து நிலைத்ததனால்தான் மூளைக்குப் போதுமான அளவு கிட்டியது. தந்தை கஞ்சியோடு எழுந்துவிட்டார். சோறு பிள்ளையின் தட்டுக்குப் போயிற்று.

இந்த விட்டுக்கொடுத்தல் தசைக்கும் நன்மையாகவே திரும்புகிறது. மூளை கீட்டோனுக்கு மாறியதும் அதன் சர்க்கரைத் தேவை முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்குகிறது. எனவே சர்க்கரைக்காகத் தசையைக் கரைக்க வேண்டிய அவசியமும் குறைகிறது. நாளொன்றுக்கு 75 கிராமாக இருந்த புரத இழப்பு சில வாரங்களில் ஏறத்தாழ 20 கிராமாகக் குறைந்துவிடுகிறது. 1975ஆம் ஆண்டில் ஷெர்வினும் அவருடைய துணைவர்களும், பட்டினி இருப்போரின் இரத்தத்தில் கீட்டோனைச் செலுத்திப் பார்த்தபோது, சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜன் குறைந்தது. புரதம் கரைவதைக் கீட்டோனே தணிக்கிறது என்பதற்கு அஃது ஓர் அடையாளம். மெலிந்த உடலினர் பல வாரங்கள் உயிர் தாங்கிய மருமம் இதில்தான் அடங்கியிருந்தது.

காவல் இல்லாத வீடு

இவ்வளவு நன்மை செய்யும் கீட்டோனைக் கண்டு மருத்துவர்கள் ஏன் அஞ்சுகிறார்கள்? இதற்கு விடை இன்சுலினில் இருக்கிறது.

பட்டினியில் இன்சுலின் குறைகிறதே அன்றி அற்றுப்போவதில்லை. எஞ்சியிருக்கும் சிறிதளவு இன்சுலின் வாயிற்காவலன்போல நின்று, கொழுப்பு அளவுக்கு மீறி வெளியேறாமல் தடுக்கிறது. ஆகவே ஈரலின் உற்பத்தியும் ஒரு வரம்புக்குள் நிற்கிறது. முதல் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் அணுக்கள் அழிந்துவிடுகின்றன. அங்கே காவலன் இல்லை. கொழுப்பு கட்டின்றிக் கரைகிறது. ஈரல் கீட்டோன்களைக் குவிக்கிறது. தசையும் மூளையும் எரிக்கக்கூடிய அளவை அது கடந்துவிடுகிறது. கீட்டோன்கள் அமிலங்கள் ஆகையால் இரத்தமே புளிப்பேறுகிறது. சர்க்கரையும் நீரும் உப்புகளும் சிறுநீரோடு வெளியேறி உடல் வறண்டுபோகிறது. அமிலத்தை மூச்சின் வழியே தணிக்க முயன்று நோயாளி ஆழ்ந்து பெருமூச்சு விடுகிறார். 1874ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் விவரித்த மூச்சு இதுவே. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும், கீட்டோன் நிறைந்திருந்தும், தசை இளைத்துக்கொண்டே போகும் கொடுமையை இந்நோயில் காண்கிறோம்.

இன்சுலின் கிடைப்பதற்கு முன் இந்நிலையை அடைந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு 1922 ஜனவரி 11 அன்று முதன்முதலாகக் கணையச் சாறு செலுத்தப்பட்டது, பெரும்பயன் இல்லை. தூய்மையாக்கிய மருந்து ஜனவரி 23 முதல் தரப்பட்டபோது, சர்க்கரை இறங்கியது. சிறுநீரில் கீட்டோன்களும் மறைந்தன. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

நம் இல்லங்களில் அறிய வேண்டியவை

மருந்து கண்டுபிடித்து நூறாண்டு கடந்தும், அறியாமையால் இந்நோய்க்குப் பலியாகும் பிள்ளைகள் உண்டு. எனவே பெற்றோர் சிலவற்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

நன்றாக இருந்த பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, விட்டிருந்த படுக்கை நனைக்கும் வழக்கம் மீண்டும் தொடங்குவது, நன்றாக உண்டும் மெலிவது ஆகியவை முதல் அடையாளங்கள். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மூச்சில் அழுகிய பழத்தின் வாடை, மயக்கம் ஆகியவை கண்டால் அஜீரணம் என்றோ கண்ணேறு என்றோ காலம் கடத்தலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று இரத்தச் சர்க்கரையையும் கீட்டோனையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர், காய்ச்சலினாலோ வாந்தியினாலோ சாப்பிட முடியாத நாளிலும் தாமாக இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?" என்னும் கேள்வி நம் வீடுகளில் எழுவதுண்டு. காவலன் வேண்டியது உணவுக்காக மட்டும் அன்று. கொழுப்பைக் காப்பதற்கும் அவன் வேண்டும். அளவை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. விரல்நுனி இரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் கருவி வைத்திருப்போர், லிட்டருக்கு 1.5 மில்லிமோலுக்கு மேல் கண்டால் மருத்துவரை அணுக வேண்டும். 3 அல்லது அதற்கு மேல் கண்டால் மருத்துவமனைக்கே விரைய வேண்டும்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவன. இவற்றை உட்கொள்வோரில் சிலருக்கு இரத்தச் சர்க்கரை மிக உயராமலே கீட்டோன் அமிலம் மிகுந்துவிடக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015ஆம் ஆண்டில் எச்சரித்தது. பயனுள்ள மருந்துகளே அவை. ஆயினும் பட்டினி, வாந்தி, அறுவைச் சிகிச்சை ஆகிய காலங்களில் அவற்றைத் தொடரலாமா என மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.

சோற்றை அறவே நீக்கிக் கொழுப்பை மிகுதியாக உண்ணும் கீட்டோ உணவுமுறை இன்று பரவியிருக்கிறது. 1921ஆம் ஆண்டில் ரஸல் வைல்டர் என்னும் மருத்துவர் இதைக் காக்காய்வலிப்புக்குச் சிகிச்சையாக முன்மொழிந்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புடைய பிள்ளைகளுக்கு இன்றும் மருத்துவ மேற்பார்வையில் இது பயன்படுகிறது. ஆனால் இன்சுலினோ மேற்சொன்ன மாத்திரைகளோ எடுப்பவர்கள், அண்டைவீட்டார் சொல்லக் கேட்டு இதில் இறங்குவது ஆபத்து.

ஒருசந்தி நாளில்

நம் வாசகர் பலருக்கு எழக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. ஒருசந்தி இருப்பதால் உடலுக்குக் கேடு வருமா? திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருவேளை முழு உணவு கொள்ளும் நல்ல உடல்நலம் உடையவருக்கு இதனால் தீங்கில்லை. ஈரலின் சேமிப்பே பெரும்பாலும் அந்நாளைத் தாங்கிவிடும். கீட்டோன் சற்றே தலைகாட்டி, உணவு கொண்டதும் மறைந்துவிடும். தசை தேய்ந்துவிடுமோ என்று அஞ்சவும் வேண்டாம். நாம் மேலே விவரித்த மாற்றங்கள் பல நாள்கள் அறவே உண்ணாதிருப்போர்க்கே உரியவை.

ஆனால் எல்லாருடைய உடலும் ஒன்றன்று. சிறு பிள்ளைகளுக்கு மூளை பெரிது, சேமிப்புச் சிறிது; ஆகவே அவர்கள் உடலில் கீட்டோன் விரைவில் ஏறுகிறது. கருவுற்ற தாய்மாருக்கும் அவ்வாறே. இன்சுலின் எடுப்போர்க்கோ ஒருபுறம் சர்க்கரை தாழும் அபாயம், மறுபுறம் ஊசியைத் தவிர்த்தால் அமிலம் மிகும் அபாயம். திருச்சபையும் 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடங்காதவர் வரையே ஒருசந்திக் கடமையை விதித்திருக்கிறது. நோயுற்றோரை அது வற்புறுத்துவதில்லை. மருத்துவர் வேண்டாம் என்று கூறியும் பிடிவாதமாக உண்ணாதிருப்பது பக்தியாகாது. அத்தகையோர் தங்கள் பங்கை வேறு வகையில் விட்டுக்கொடுக்கலாம். அன்றைய உணவில் சிறந்த பகுதியை இல்லாதவர் வீட்டுக்கு அனுப்பலாம்.

பட்டினியைத் தாங்க உடலுக்கு ஓர் ஏற்பாடு உண்டு என்பதனால், பட்டினி எளிது என்று எண்ணிவிடக் கூடாது. நாளுக்கு 20 கிராமாகக் குறைந்தாலும் அந்த இழப்பு இழப்பே. தசை ஒவ்வொரு நாளும் தன்னையே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. விட்டுக்கொடுக்கும் தந்தையையும் நெடுநாள் கஞ்சியோடு நிறுத்திவைக்கலாகாது அன்றோ? உங்கள் இல்லத்தில் நீரிழிவுள்ள பிள்ளை இருந்தால், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, "காய்ச்சல் நாளில் இன்சுலினை என்ன செய்வது?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிவாங்கி, வீட்டார் அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.